கண்கள் மட்டும்: ஓர் ஆற்று விளக்கின் வரலாறு குறித்து

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போய்வந்தார். கினபத்தாங்கன் ஆற்றில் இரவுப் படகில் போனபோது எடுத்த படங்களைச் சூலூர்க் குளத்தங்கரையில் உட்கார்ந்து எனக்குக் காட்டினார். ஒரு படத்தில் முழுக்க இருட்டு. நடுவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். "முதலை" என்றார். முதலை எங்கே என்று கேட்டேன். "அதான் இது" என்றார்.

இந்த 'அதான் இது' என்னைச் சில நாட்கள் தொந்தரவு செய்தது. இருட்டில் இரண்டு ஒளிப்புள்ளிகள் எப்போது, யாருக்கு, எதன் பொருட்டு முதலை ஆயின? அப்படி ஆவதற்கு ஒரு விளக்கு வேண்டும், படகு வேண்டும், அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னணியில் நிற்க ஓர் ஆள் வேண்டும். பின்னணியில் துடுப்புப் போட இன்னோர் ஆளும் வேண்டும். முன்னால் நிற்பவரின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் இருப்பவரைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

நண்பர் போய்வந்தது இன்று உலகெங்கும் வெப்பமண்டல ஆறுகளில் விற்கப்படும் ஒரு பண்டம். பொழுது சாய்ந்தபின் படகு கிளம்பும். வழிகாட்டி ஒளிக்கற்றையைக் கரையோரம் ஓட்டிக்கொண்டே வருவார். கிளையில் தூங்கும் மீன்கொத்தி, புனுகுப்பூனை, மலைப்பாம்பு, அதிர்ஷ்டம் இருந்தால் முதலை. சுற்றுலாக் கையேட்டில் இது 'காட்டின் இரகசிய வாழ்க்கை' என்பதாகச் சொல்லப்படும். கினபத்தாங்கனில் அவ்வளவு விலங்குகள் கரையோரத்தில் காணக்கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கரைக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் காடு முடிந்து எண்ணெய்ப்பனைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. 2005இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 26,000 ஹெக்டேர் நிலம் ஆற்றங்கரையில் துண்டுதுண்டாகக் கிடப்பது. விலங்குகள் ஆற்றை ஒட்டி நெருக்கப்பட்டிருப்பதால்தான் படகிலிருந்து எளிதாகப் பார்க்க முடிகிறது. ஆக, பார்வையாளருக்குக் கிடைக்கும் வளம் இடமின்மையின் விளைவு. நண்பரிடம் இதைச் சொன்னபோது, "உனக்கு எதைக் காட்டினாலும் இப்படித்தான்" என்று செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் கோபம் நியாயமானது. சுற்றுலாவைத் திட்டி ஒரு கட்டுரை எழுதுவது மிகச் சுலபம், அதைப் பலரும் எழுதியாயிற்று. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. விளக்கைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

முதலையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் அது பார்ப்பதற்கு உதவும் படலம். நாம் வெளிச்சம் பாய்ச்சினால் அதே படலம் வந்த வழியே ஒளியைத் திருப்புகிறது. வந்த வழியே என்பது முக்கியம். விளக்கு பார்ப்பவரின் கண்ணுக்கு அருகில், நெற்றிப் பொட்டிலோ கன்னத்தை ஒட்டியோ இருந்தால்தான் அந்தச் சிவப்பு தெரியும். இடுப்பில் வைத்துப் பிடித்தால் நன்றாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் வேறு கோணத்திலிருந்து பார்த்தால் அவருக்கும் மங்கல்தான். அதாவது ஒரே படகில் இருக்கும் இருவரில் விளக்கு வைத்திருப்பவருக்கு முதலை இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. பார்வைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி ஃபூக்கோவை வைத்து நம் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். எனக்கு அதைப் புரியவைத்தது இந்தச் சின்ன இயற்பியல்தான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே ஓரளவு தெரிந்துவைத்திருந்தேன். உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணைக்கட்டுப் பக்கம் என் அத்தை வீடு. மாமா அணையில் மீன்பிடிக்கிறவர். பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போவேன். 2002 வாக்கில், எனக்குப் பதினோரு பன்னிரண்டு வயதிருக்கும், சாயங்காலம் விட்ட வலையைப் பார்க்க இராத்திரியில் பரிசல் எடுத்தபோது அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். கையில் ஒரு டார்ச் லைட். அணைத் தண்ணீரில் பரிசல் சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றிப் போனது. நான் டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினேன். தூரத்தில் ஒரு சிவப்புப் பொறி, அப்புறம் இன்னொன்று. "மாமா, அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று கத்தினேன்.

"அணைச்சுப்போடு கண்ணு" என்றார் மாமா. "நீ அதெப் பாக்கறே. எனக்கு இப்ப ஒண்ணுமே தெரீலெ."

அணைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சநேரம் கழித்துக் கரைமேடு தெரிந்தது, வலையின் மிதப்புக் கட்டைகள் தெரிந்தன, தண்ணீரில் வானம் தெரிந்தது. எங்கோ ஒரு மீன் துள்ளியது. அதற்கப்புறம் கனமாக ஏதோ புரண்டு அமிழும் சத்தம். "அது சின்னது. பெருசு சத்தம் போடாது" என்றார். விளக்கில்லாமல் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.

விளக்குக்கு முந்திய இரவைப் பற்றித் தமிழ் படித்தவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கத்தான் செய்யும். அகப்பாடல்களின் இரவுக்குறி முழுக்க இருட்டில் ஆற்றைக் கடந்து வருபவனைப் பற்றிய பயம். குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வரும் வழியின் ஏதங்களைத் தோழி சொல்லும் இடத்தில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றும் முதலையின் வகைகள் என்பது உரை மரபு. எவை எவை என்று இன்று விலங்கியல் பெயர் பொருத்திப் பார்ப்பது வீண்வேலை. நான் கவனிப்பது வேறொன்றை. அங்கே முதலை யாராலும் பார்க்கப்படுவதில்லை. அது காட்சிக்கு வெளியே, வழியில், இருக்கக்கூடும் என்பதாக மட்டுமே இருக்கிறது. அதன் இருப்பு முழுவதும் வருகிறவனின் உயிரோடு சம்பந்தப்பட்டது. மூன்று பெயர்கள் தேவைப்பட்டிருக்கின்றன என்றால் மூன்று விதமான பயங்கள் தனித்தனியாகத் தெரிந்திருக்கின்றன என்று பொருள்.

எங்கள் பக்கத்து முதலை அவிநாசியில் இருக்கிறது. சூலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்து, கூடக் குளித்துப் பிழைத்த சிறுவனுக்குப் பூணூல் கல்யாணம் நடக்கிறது, எதிர்வீட்டில் அழுகை. அந்த வழியாக வந்த சுந்தரர் விஷயத்தைக் கேட்டுக் குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை வந்து பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. விழுங்கிய வயதில் இல்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு. பெரியபுராணம் இதைச் சொல்கிறது, அவிநாசித் தாமரைக்குளத்தில் முதலைவாய்ப் பிள்ளை விழா இன்றும் நடக்கிறது. திரும்பக் கிடைத்தது பூணூல் போடுகிற வீட்டுப் பிள்ளை என்பதையும், அதே ஆற்றிலும் குளத்திலும் மாடு குளிப்பாட்டப் போய்த் திரும்பாத பிள்ளைகளுக்காக யாரும் பதிகம் பாடவில்லை என்பதையும் கவனிக்காமல் இந்தக் கதையை இரசிக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் இந்தக் கதையில் முதலை காலத்தை வைத்திருக்கிறது. எடுத்துக்கொள்வதும் திருப்பித் தருவதுமாக அதனோடு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கொங்கு நாட்டின் நடுவே ஒரு காலத்தில் முதலை இருந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட வரவில்லை. முதலையோடு பேச முடியும் என்று நம்பிய ஒரு சமூகம் இருந்தது என்பதற்குச் சான்று.

அப்புறம் விளக்கு வருகிறது. நேராக ஆற்றுக்கு வரவில்லை, வேட்டைச் சட்டத்தின் வழியாக வந்தது. நீலகிரியில் வேட்டைக்கார வெள்ளைக்காரர்கள் 1877இல் சங்கம் அமைத்தார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டெருமை, கடம்பை, வரையாடு, மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி போன்றவை அதன் கணக்கில் 'விளையாட்டுக்குரிய' உயிர்கள். முதலை அந்தப் பட்டியலில் கிடையாது. அது தீங்குயிர், கண்டால் சுட வேண்டியது. இந்தச் சொல்லாடலில் நல்ல வேட்டைக்காரன், கெட்ட வேட்டைக்காரன் என்ற பிரிவும் கூடவே கட்டமைக்கப்பட்டது. பகலில் நடந்துபோய்த் துப்பாக்கியால் சுடுபவன் கனவான். கண்ணி வைப்பவன், வலை போடுபவன், இரவில் விளக்கு வைத்துப் பிடிப்பவன் திருடன். முன்னவன் யார், பின்னவர்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை. இருந்தும், இருபதாம் நூற்றாண்டில் கார்பைடு விளக்கும் பேட்டரி டார்ச்சும் கைக்கு வந்ததும் கனவான்களின் ஒழுக்கம் நெகிழ்ந்துபோனது. திம்பம், ஒசூர்ப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு அதைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் துப்பாக்கியோடு டார்ச்சை இணைத்து வைத்திருந்தவர். ஒளிக்கற்றை, குழாய், கண் மூன்றும் ஒரே கோட்டில். முன்பு சொன்ன இயற்பியல் அப்படியே பொருந்துகிறது.

ஆற்று முதலைக்கு இந்தக் கோடு உயிர்க்கோடு ஆனது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைப்பைக்கும் செருப்புக்கும் முதலைத்தோல் கேட்டார்கள். வெப்பமண்டல ஆறுகள் எல்லாவற்றிலும் இரவுப் படகுகள் கிளம்பின. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் 1945 தொடங்கி 1971இல் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை உவர்நீர் முதலைகள் விளக்கு வைத்துக் கொல்லப்பட்டு ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தன. இந்தியாவிலும் தோல் வியாபாரமும் வாழிட அழிவும் சேர்ந்து மூன்று முதலை இனங்களையும் அந்த விளிம்புக்குத் தள்ளின. நம் ஆறுகளில் இருப்பது சதுப்புநில முதலை. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதைக் கொல்வது குற்றம்.

அதோடு விளக்கு அணைந்துவிட்டதா என்றால், இல்லை. விளக்கும் படகும் இருந்தபடியே இருக்க, படகின் முன்னணியில் நின்ற ஆள் மட்டும் மாறினார். துப்பாக்கி போய்க் குறிப்பேடு வந்தது. முதலைகளை எண்ணுவதற்கு இரவில் விளக்கடித்துக் கண்களை எண்ணுவதை விட எளிய வழி கண்டுபிடிக்கப்படவில்லை. வேட்டைக்காரனின் அறிதல்முறை அப்படியே அறிவியலின் அறிதல்முறை ஆனது. ஆஸ்திரேலியாவில் இதை 1970களில் பெரிய அளவில் ஒழுங்குபடுத்தியவர் ஹாரி மெசல். சிட்னிப் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர். ஒளியை அறிந்தவர் முதலைக்கு வந்தது தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய குழுவின் அட்டவணைகளில் முதலைகள் நீள அளவின்படி வகுக்கப்பட்டிருக்கும். நெருங்குவதற்குள் அமிழ்ந்துவிட்ட, அளவு சொல்ல முடியாத முதலைகளுக்குத் தனியாக ஒரு பத்தி. அந்தப் பத்தியின் தலைப்பு: 'கண்கள் மட்டும்.'

நவீன கவிதையில் கூட இப்படி ஒரு தலைப்பு கிடைப்பது அரிது. ஓர் உயிர் தன் உடலை முழுவதும் ஒளித்துக்கொண்டு பார்வையை மட்டும் அட்டவணையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதுவும் அதன் பார்வை அன்று. நம் விளக்கின் வெளிச்சம் அதன் கண்ணில் பட்டுத் திரும்பியது. நாம் எண்ணியது நம்முடைய ஒளியைத்தான்.

இதில் ஒரு சிக்கல் கணக்கெடுப்பாளர்களுக்கே தெரிந்திருந்தது. விளக்கின் பின்னால் ஒருமுறை துப்பாக்கியைச் சந்தித்த முதலை மறுமுறை விளக்கைக் கண்டால் நிற்பதில்லை. வேட்டை அதிகம் நடந்த ஆற்றில் எண்ணிக்கை குறைவாக வரும், முதலை குறைவு என்பதாலா, முதலைக்கு விவரம் தெரிந்துவிட்டது என்பதாலா என்று பிரிப்பது கடினம். காட்டு முதலைகள் எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கின்றன என்பது பற்றி 1968இல் சின்னதொரு கட்டுரை எழுதியவர் ராபர்ட் பஸ்டர்ட். அதே பஸ்டர்ட்தான் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு அனுப்பிய வல்லுநராக இந்தியாவுக்கு வந்தார். அவர் 1974இல் கொடுத்த அறிக்கை இந்தியாவில் முதலைப் பண்ணைத் தொழிலுக்கு உள்ள வாய்ப்புகள் பற்றியது. 1975இல் இந்திய அரசின் முதலைத் திட்டம் தொடங்கியது.

பண்ணை என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமராவதி அணைக்குப் பக்கத்தில் 1970களின் நடுவில் அமைக்கப்பட்ட இடத்துக்கும் பெயர் முதலைப் பண்ணைதான். அணைக்குத் தண்ணீர் தரும் சின்னாறு, தேனாறு, பாம்பாறு மூன்றிலும் அணைக்கட்டின் ஓரங்களிலும் இருக்கும் முதலைகள்தான் தமிழ்நாட்டில் காட்டில் இனப்பெருக்கம் செய்யும் முதலைகளிலேயே பெரிய கூட்டம். அவற்றின் முட்டைகளைக் கரையோரத்துக் குழிகளிலிருந்து எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்த்தார்கள். எங்களூர்ப் பக்கம் பண்ணை என்றால் கோழிப்பண்ணை. அதற்கு முந்திய தலைமுறையில் பண்ணையம், பண்ணையாள். எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் பண்ணையில் இருப்பது தனக்காக இருப்பதில்லை. முதலைத்தோல் ஏற்றுமதி என்ற கனவு திட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. அழியும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் இந்தியா 1976இல் சேர்ந்தது, உள்நாட்டுச் சட்டமும் விற்பனைக்கு இடம்தரவில்லை. கனவு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. குஞ்சுகள் வளர்ந்து பெருகியபின் அவற்றை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. அணையில் மீன்பிடிக்கிறவர்கள் எங்களிடம் விடாதீர்கள் என்றார்கள். இன்று அங்கே போனால் சிமெண்டுத் தொட்டிகளின் ஓரத்தில் வாயைத் திறந்து கிடக்கும் முதலைகளைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். பிள்ளைகள் அது பொம்மையா என்று கேட்கின்றன. தொட்டிக்குள் இருக்கும் முதலைக்கு விளக்கு தேவையில்லை.

திட்டத்தைக் குறைசொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1972க்கும் 1975க்கும் பிறகு நடந்தவை இல்லாவிட்டால் அமராவதியில் இன்று எண்ணுவதற்கு எதுவும் இருந்திருக்காது என்பதே என் எண்ணம். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் சென்னைக்குத் தெற்கே முதலைப் பண்ணை தொடங்கியதும், பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானதும் ஒரே காலத்தின் முயற்சிகள். இரண்டாவதில் விலங்கை அறிந்த மனிதர்களுக்கு அந்த அறிவின் பேரிலேயே கூலி கிடைத்தது. அந்த மாதிரியான ஏற்பாடு ஆற்றில் ஏன் நடக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

மாமா ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர்களுக்குப் பரிசல் போட்டிருக்கிறார். எந்த ஆண்டு, யார் வந்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை, எனக்கும் அது முக்கியமாகப் படவில்லை. அமாவாசையை ஒட்டிய இராத்திரி. முன்னால் ஒருவர் விளக்கடிக்க இன்னொருவர் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு வளைவில் விளக்கைச் சுற்றிவிட்டு ஒன்றுமில்லை என்று கிளம்பச் சொன்னார்களாம். மாமா, "இங்கெ மூணு இருக்குதுங்க" என்றிருக்கிறார். எங்கே என்று மறுபடி விளக்கடித்தார்கள். ஒன்றும் இல்லை. "கண்ணுத் தெரிஞ்சாத்தானுங்க அவிய எழுதுவாங்க" என்று மாமா எனக்குச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. எழுதுகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது, அதன்படி எழுதினார்கள் என்கிற தோரணைதான். அறிவியல் முறைப்படியும் அவர்கள் செய்தது சரி. பார்த்ததை மட்டும் எழுதுவதால்தான் இந்த வருடத்துக் கணக்கை அடுத்த வருடத்துக் கணக்கோடு ஒப்பிட முடிகிறது. யார் யாரோ இருக்கிறது என்று சொன்னதையெல்லாம் சேர்த்தால் அட்டவணை கெட்டுவிடும். அப்படியானால் மாமாவின் மூன்று முதலைகளுக்கு எந்தப் பத்தி? 'கண்கள் மட்டும்' என்று ஒரு பத்தி இருக்கும்போது 'கண்கள் இல்லாதவை' என்று ஒன்று இருக்க முடியாதா?

இந்தக் கட்டுரையில் வீரப்பனைக் கொண்டுவர வேண்டுமா என்று யோசித்தேன். கொண்டுவராமல் முடியவில்லை. 1993இலிருந்து 2004 அக்டோபரில் அவர் கொல்லப்படும்வரை கொங்கு நாட்டின் வடக்கு எல்லைக் காடுகளிலும் மோயாறு, பாலாறு, காவிரிக் கரைகளிலும் இரவு விளக்கு மனிதர்களைத் தேடியது. பரிசல்காரர், சுள்ளி பொறுக்குகிறவர், மாடு மேய்க்கிறவர் எல்லோரும் முகத்தில் வெளிச்சம் பட்டு நின்றவர்கள். அதிரடிப்படை முகாம்களில் நடந்தவை பற்றி விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் சதாசிவா குழுவை அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 89 என்பதும் ஒரு கணக்கெடுப்பின் முடிவுதான். விளக்கு பட்டபோது அமிழ்ந்துவிட்டவர்கள், பிறகு வாய்திறக்காதவர்கள் அதில் இல்லை.

வேட்டைக்காரன், கணக்கெடுப்பாளர், போலீஸ்காரர், சுற்றுலாப் பயணி நால்வரையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஒருவர் கொல்கிறார், ஒருவர் காக்கிறார், இந்த வித்தியாசத்தை அழித்துவிடும் கோட்பாடு எனக்குத் தேவையில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: ஆற்றின் இரவில் யார் இருக்கலாம் என்பதை விளக்கு வைத்திருப்பவர் தீர்மானிக்கும் நிலை நால்வருக்கும் பொது. விளக்கில்லாமல் அந்த இரவில் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயிருக்கிறார்கள். ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமாக ஆனது. அமராவதியில் இரவுப் படகுக்குச் சுற்றுலாச் சீட்டு எதுவும் கிடையாது, அது நல்லதுதான். ஆனால் 2006இன் வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகும், அணைக்கு மேலே தளிஞ்சி போன்ற மலைக்குடியிருப்புகளில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் ஆற்றை எப்படிக் கடக்கிறார்கள் என்பது செய்தித்தாளின் உள்பக்கத்தில் வெள்ளம் வரும்போது மட்டும் வருகிற விஷயம். அவர்களுக்கு ஆற்றின் ஏதம் இன்னும் குறிஞ்சிப்பாட்டின் ஏதம்தான்.

சுற்றுலாப் படகில் இல்லாமல் போவதும் அந்த ஏதம்தான். உயிர்காப்பு அங்கி, காப்பீடு, வழிகாட்டி எல்லாம் இருக்கின்றன, முதலை நம்மைப் பார்ப்பது மட்டும் இல்லை. ஜான் பெர்ஜர் விலங்குகளைப் பார்ப்பது பற்றி எழுதிய கட்டுரையில் மிருகக்காட்சிசாலை குறித்து ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். இதை உடம்பால் அறிந்த ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியப் பெண்ணியச் சூழலியல் தத்துவவாதி வால் பிளம்வுட். 1985 பிப்ரவரியில் ககடு தேசியப் பூங்காவில் தனியாகச் சிறுபடகில் போனபோது உவர்நீர் முதலை அவரைப் பிடித்து மூன்றுமுறை தண்ணீருக்குள் உருட்டியது. தப்பிக் கரையேறி, கிழிந்த காலோடு ஊர்ந்து, பிழைத்தார். முதலையைத் தேடிச் சுட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு அதைப் பற்றி எழுதும்போது தத்துவத்தில் அதுவரை விடுபட்டிருந்த ஒரு நிலையை வைத்தார்: மனிதன் வேறோர் உயிருக்கு உணவாக இருக்கும் நிலை. பார்க்கிறவள் பார்க்கப்படுகிறவளாக ஆகிறாள் என்று நாம் இலேசாக எழுதிவிட்டுப் போவதை அவர் காலில் தழும்பாக வைத்திருந்தார்.

மாமாவிடம் பிளம்வுட் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எத்தனை மணிக்கு அந்தம்மா போச்சு?" என்றார். பகலில் என்றேன். "மழையா?" ஆமாம், மழைக்காலம் என்றேன். தலையாட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது தத்துவம் இல்லை, நேரமும் தண்ணீரும்.

அவருடைய மனக்குறை வேறு. முதலை வலையைக் கிழிக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் அமராவதியில் நிறைந்துகிடக்கிறது, வலையில் சிக்கிய ஜிலேபியைத் தேடி முதலை வருகிறது. சில சமயம் முதலையே வலையில் மாட்டி மூச்சுத்திணறிச் செத்துவிடுகிறது. அப்போது மீன்காரருக்கு வலையும் போய், வழக்கும் வருமோ என்ற பயமும் வருகிறது. கிழிந்த வலைக்கு இழப்பீடு கேட்டு ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். முதலைதான் கிழித்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்களாம். "ராத்திரி நீங்க வந்து பாருங்கன்னேன். ராத்திரி அங்கெ உனக்கு என்ன வேலைன்னாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கண்ணில் புரை விழுந்து ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்திருக்கிறது. பரிசலும் இப்போது பைபர் பரிசல்தான், மூங்கில் பின்னத் தெரிந்த ஆள் ஊரில் குறைந்துவிட்டார்கள்.

நண்பரின் படத்தைப் பார்த்த அன்றிரவு, அவர் போனபிறகு, செல்போன் வெளிச்சத்தை நெற்றிக்கு நேரே பிடித்துச் சூலூர்க் குளத்தில் அடித்துப் பார்த்தேன். இந்தக் குளத்துக்குத் தண்ணீர் தருவது நொய்யல். கோவையின் கழிவுநீரை ஏந்திக்கொண்டுதான் அது எங்கள் ஊருக்கு வருகிறது. வெளிச்சம் ஆகாயத்தாமரை மேல் பச்சையாகப் பரவியது. கரையோரம் இரண்டு கண்கள் மின்னின, ஒரு நாய் எழுந்து போனது. விமானப்படைத் தளத்துப் பக்கம் ஏதோ ஒரு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, மாமா சொன்னபடி கண் பழகட்டும் என்று காத்திருந்தேன். குளம் முழுக்கச் சோடியம் விளக்கின் மஞ்சள். இருட்டு வரவே இல்லை.